அடிப்பிடித்த பானை

செங்கொடி கழுவிய டிரம்மில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று திருவொற்றியூர் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். வாரிப் பார்த்தவர் யாரும் இல்லை. போன வாரம் அந்த டிரம்மில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் அதற்குள் தலையை நீட்ட மாட்டார்கள். சாயம், எண்ணெய், பசை, பெயர் வாயில் நுழையாத மணலி ஆலைச் சரக்குகள் எல்லாம் காலியான பிறகு அந்த டிரம்கள் இவள் கைக்கு வரும். உள்ளே காஸ்டிக் தண்ணீரை ஊற்றி, இரும்புச் சங்கிலி ஒன்றைப் போட்டு, மூடியை இறுக்கித் தரையில் உருட்டு உருட்டென்று உருட்டினால் சங்கிலி உள்ளே அடித்துப் புரண்டு பிசுக்கையெல்லாம் பெயர்த்துவிடும். அதற்கும் மசியாத கறைக்கு ஆசிட், கம்பி பிரஷ், கடைசியாக அவளுடைய கோபம்.

கறை என்றாலே அவளுக்கு ஆகாது. வியாசர்பாடிக் குடியிருப்பில் அவள் வீட்டுச் சட்டிகளின் அடிப்பக்கமும் பளிச்சென்று இருக்கும். அடி கறுத்த பாத்திரத்தோடு குழாயடிக்கு வருகிற பெண் யாராக இருந்தாலும் செங்கொடியிடம் அவளுக்கு மரியாதை பாதியாகக் குறைந்துவிடும். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் அவளிடம் போய் யார் கேட்பது?

பட்டறை அவளுக்குக் கொடுத்த இன்னொரு பழக்கமும் உண்டு. கழுவிய தண்ணீரை அங்கே சாக்கடையில் விட மாட்டார்கள். பாதியாக வெட்டிய டிரம்மில் ஊற்றித் தெளிய விடுவார்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வழிக்க ஓர் ஆள் வருவான், அடியில் படிந்த கசடை அள்ள இன்னோர் ஆள் வருவான். இதையே வருஷக்கணக்கில் செய்தவள், வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைக்கூட வாளியில் வைத்திருந்து, ஒரு தடவை எட்டிப் பார்த்த பிறகுதான் கொட்டுவாள்.

"அதுக்குள்ள இன்னாமே தேடற, தங்கமா?" என்பான் புருஷன் ஜெயவேல். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். பாதி வாழ்க்கையை வரிசையில் நின்றே கழித்ததால் அடுத்தவரைக் கிண்டல் செய்ய அவனுக்கு நேரம் நிறைய இருந்தது.

பட்டறை கும்மிடிப்பூண்டிக்கு மாறியபோது செங்கொடி கூடப் போகவில்லை. அதே தெருவில் பஷீர் பாயின் பழைய மிளகாய்க் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. அதை ஒரு கல்லூரிக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள், பொருள் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று பாய் சொல்லி அனுப்பினார். என்ன பொருள் என்று அவருக்கும் தெரியவில்லை. செங்கொடி தன் கம்பி பிரஷ்ஷையும் அரை பாட்டில் ஆசிட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

கிடங்கு முழுக்கச் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு பெண் மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டுத் தும்மினாள். மிளகாய் போய் மாதக்கணக்காகியும் நெடி போகவில்லை. அவள் பெயர் யசோதரா. புளியந்தோப்புப் பெண், பழங்காலத்தைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள்.

செங்கொடி மூட்டைக்குள் பார்த்தாள். "இன்னாமா இது, ஒரே ஒட்டாஞ்சில்லா கீது?"

"ஆமாங்க்கா, ஒட்டாஞ்சில்லுதான். ஆனா நாலாயிரம் வருசத்து ஒட்டாஞ்சில்லு."

"பொறுக்கினு வந்தவங்க முழுசா ரெண்டு பொறுக்கினு வந்திருக்கலாம்ல?"

யசோதரா சிரித்துவிட்டாள். புளியந்தோப்புக்காரிக்கு வியாசர்பாடிக் குசும்பு புதிதில்லை. இரண்டு பேரும் மூட்டைமேல் குந்தினார்கள். அவள் சொன்னாள்: ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அவர்களுடைய பேராசிரியர் ரகுபதி அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறார். கிடைக்கிற பானை ஓடுகளைக் கழுவி, காய வைத்து, பிரித்துப் பார்க்கக் கல்லூரியில் இடம் இல்லாததால் இங்கே அனுப்புகிறார்.

"மேடுன்னா மலை இல்லக்கா. ஒரே எடத்துல வூடு கட்டி, அது இடிஞ்சு, அதும் மேலயே இன்னொரு வூடு கட்டி, குப்பை கொட்டி, சாம்பல் கொட்டி, அப்டியே தரை ஒசந்துகினே போன எடம்."

"அப்ப நம்ம ஏரியா மாரின்னு சொல்லு."

"அப்டித்தான்னு வெச்சுக்கங்க. அவங்களுக்கு இரும்பு தெரியாது. கல்லத் தேச்சுத் தேச்சுக் கோடாலி செஞ்சாங்க. சக்கரம் இல்லாம கையாலயே பானை செஞ்சாங்க. மாடு வளத்தாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க காட்டுல கெடைச்சதத் துன்னாங்க. இவங்கதான் நம்ம பக்கத்துல மொத மொதல்ல வெதைச்சவங்க."

வேலை சுலபமாகத்தான் இருந்தது. திருவொற்றியூர் போர்வெல் தண்ணீர் உப்பு, ஓட்டில் பூத்துவிடும் என்பதால் லாரித் தண்ணீர். மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ். மண் போனால் போதும். ஒரு மூட்டைச் சில்லை இன்னொரு மூட்டையோடு கலக்கக் கூடாது. செங்கொடி தன் வழக்கப்படி கிடங்குக்குப் பின்னால் பாதி வெட்டிய நீல டிரம் ஒன்றை வைத்து, கழுவிய தண்ணீரை அதில் ஊற்றினாள். தெளிந்த பிறகு எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் கொட்டினாள். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

முதலில் அலுப்பாக இருந்தது. டிரம் என்றால் கழுவி முடித்ததும் தெரியும், ஓடு கழுவினாலும் ஓடுதான். ஆனால் ஒரு நாள் தடிப்பான ஒரு துண்டைத் திருப்பியபோது அதன் அடியில் பாய்ப் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. ஈரக் களிமண்ணைப் பாய்மேல் வைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு பின்னல் தப்பாகப் போய், அடுத்த வரியில் சரியாகியிருந்தது. செங்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குள் அந்தக் கேள்வி நுழைந்தது.

"ஏம்மா, இதுல இன்னாத்த ஆக்கித் துன்னாங்க?"

"சாரைத்தான் கேக்கணும்க்கா," என்றாள் யசோதரா. மேட்டிலிருந்து ரகுபதி வந்தபோது செங்கொடி அவரையே நேராகக் கேட்டாள். ஒல்லியான, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். கேள்வியைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றுவிட்டது.

"நானும் அதைத்தாம்மா தேடிட்டிருக்கேன். அரைச்ச கல்லு கிடைச்சிடுச்சு. அரைச்சது என்னன்னு தெரியலை. விதைச்சாங்கன்னு நான் சொல்றேன். எதை விதைச்சாங்கன்னு யாராவது கேட்டா என் கையில ஒரு பருக்கைகூட இல்லை."

அவருக்கே தெரியாது என்பது செங்கொடியை உசுப்பிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டாள். மீன்கார லூர்து, "கருவாடு இல்லாத வூடு உண்டா?" என்று அடித்துச் சொன்னாள். ஜெயவேல் பிரியாணி என்றான்.

"யோவ், அப்ப மொளகாயே கெடயாதாம்யா. தக்காளி கெடயாது, உருளைக்கிழங்கு கெடயாது. அதெல்லாம் கப்பல்ல அப்பால வந்ததாம்."

"மொளகா இல்லாமயா? அப்ப இன்னாத்துக்குமே உயிரோட இருந்தாங்க?"

செங்கொடிக்கும் அதுதான் புரியவில்லை. மிளகாய் நெடியில் உட்கார்ந்து, மிளகாயே தெரியாத ஜனங்களின் பானையைக் கழுவும்போது, அவள் மனம் அடுப்படி அடுப்படியாகப் போய் மூடியைத் திறந்து பார்த்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வந்த ஓடுகள் எல்லாமே துடைத்து விட்ட மாதிரி வெறுமையாக இருந்தன. அந்தக் காலத்துப் பெண்கள் சுத்தக்காரிகள் என்று அவர்கள் மேல் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அந்த அபிப்பிராயம் கெட்டது. யசோதரா கல்லூரிக்குப் போயிருந்தாள். புதிதாக வந்த மூட்டையின் அடியில் கையகலத்துக்கு நாலு துண்டுகள் இருந்தன. சேர்த்து வைத்தால் பொருந்தின. ஒரு பெரிய பானையின் அடிப்பாகம். அதன் உட்பக்கத்தில், ஒரு ஓரமாக, கெட்டியாகக் கரி அப்பியிருந்தது.

"சீ, இன்னா பொம்பள இவ!" என்றாள் செங்கொடி, வாய்விட்டே. அடிப்பிடிக்க விட்டதும் இல்லாமல், தேய்க்கச் சோம்பல்பட்டு அப்படியே குப்பையில் கடாசியிருக்கிறாள். செத்து நாலாயிரம் வருஷம் ஆனவள் என்பதற்காக விட்டுவிட முடியுமா? மெத்து பிரஷ்ஷுக்குக் கரி மசியவில்லை. செங்கொடி பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். கரி பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. மிச்சத்துக்கு ஆசிட்டைத் துணியில் தொட்டுத் தடவினாள். புஸ்ஸென்று நுரைத்தது. சாயங்காலத்துக்குள் நாலு துண்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டன. யசோதரா பாப்பா வந்து பார்த்தால் அசந்துபோகும் என்று நினைத்தபடி, தண்ணீரை டிரம்மில் ஊற்றி மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஞாயிறு.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் கொட்டத்தான் பின்பக்கம் போனாள். அதற்குள் வாசலில் ஜீப் நின்றது. ரகுபதி ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை. பின்னாலேயே யசோதரா.

"அந்தப் பெரிய பானையோட அடி இந்த மூட்டையிலதானே வந்தது? தனியாப் பெட்டியில அனுப்பச் சொன்னேன், பையன்கள் தெரியாம மூட்டையில போட்டுட்டாங்க." அவர் செல்போனில் படத்தைக் காட்டினார். மண்ணுக்குள் பாதி புதைந்த பானை, உள்ளே கன்னங்கரேலென்று கரி. "சமைச்சது கருகி ஒட்டியிருக்கு. இதுதான்மா. அன்னைக்கு என்ன சமைச்சாங்களோ அது அப்படியே இருக்கு. நீங்க கேட்டீங்களே, அதுக்கு இதுல பதில் இருக்கு."

யசோதரா அதற்குள் காய்கிற தட்டிலிருந்து அந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்துவிட்டாள். ரகுபதி ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். செவேலென்று பளபளத்தது.

"லாரி குலுக்கல்ல உதுந்திருக்குமோ சார்?" என்றாள் யசோதரா, மெதுவாக.

அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூட்டையைப் பிரித்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனால் கழுவினது தான்தான் என்பதை இதுவரை ஒரு டிரம்முக்கும் மறைக்காதவள் அவள். வாய் தானாகத் திறந்தது.

"உதிரல சார். நான்தான் தேச்சேன். கம்பி பிரஷ்ஷு போட்டு, ஆசிட்டு ஊத்தி. கலீஜா கீதேன்னு…" அத்தனை பேரைக் கேட்ட கேள்விக்குப் பதில் அவள் கைக்கே வந்து, அவளே அதைத் தேய்த்துப் போக்கியிருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரகுபதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். வாசலுக்குப் போய் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி நின்றார். யசோதராவின் முகம் வெளுத்திருந்தது. "கரி இருந்தா தொடாதீங்கன்னு நான்தான்க்கா சொல்லியிருக்கணும். இதுவரைக்கும் ஒண்ணுலயும் இல்லியேன்னு சொல்லாம விட்டேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "தேச்ச தண்ணிய எங்கக்கா ஊத்துனீங்க? சாக்கடையிலயா?"

"சாக்கடையில எவ ஊத்துவா?" என்றாள் செங்கொடி, மூக்கை உறிஞ்சியபடி. "டிரம்முல கீது."

மூன்று பேரும் பின்பக்கம் போனார்கள். மூடியைத் திறந்ததும் மேலே கறுப்புப் பொடி மெல்லிய ஏடாக மிதந்துகொண்டிருந்தது. ரகுபதி தரையில் மண்டியிட்டார். கரி மிதக்கும், மண் இறங்கும், மேட்டிலும் தாங்கள் தொட்டி வைத்து இதைத்தான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பஷீர் பாயிடம் ஒரு வேட்டித் துணி வாங்கி வந்து தண்ணீரை வடிகட்டினார்கள். அடிக் கசடையும் தனியாக வழித்தார்கள். செங்கொடி எதையும் தொடவில்லை. பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நம்பாதீங்கம்மா," என்றார் ரகுபதி. "கரியில கொழுப்பு ஊறியிருக்கும். பாலா, கறியான்னு அது சொல்லும். ஆசிட் பட்டதால அதை இனி நம்ப முடியாது. அது போனது போனதுதான். முழுசா ஏதாவது தப்பிச்சிருந்தா பார்ப்போம்."

நாளைக்கு வர வேண்டுமா என்று செங்கொடி கேட்டாள். அவர் அவளை ஏதோ புரியாதவரைப் போலப் பார்த்து, "வராம?" என்றார். கம்பி பிரஷ்ஷை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. வேலை போகாது என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. கேட்டால் ஜெயவேல் சிரிப்பான் என்று அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். "இன்னாமே, நாலு நாளா சட்டிய தேய்க்கற சத்தமே வரல?" என்றான். அவள் முழுக்கதையையும் கொட்டினாள். அவன் சிரிக்கவில்லை. "டிரம்முல வெச்சியே, அது போதும்மே. பேஜாராவாத," என்றான். அவனிடமிருந்து இது பெரிய விஷயம்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு மத்தியானம் யசோதரா கல்லூரியிலிருந்து நேராகக் கிடங்குக்கு வந்தாள். வாசலிலிருந்தே "அக்கா!" என்று கூப்பிட்டாள். செல்போனில் ஒரு படம் இருந்தது. உருப்பெருக்கியில் எடுத்தது. கரிப் பொருக்கு ஒன்றில் பாதி உடைந்த விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டையாக, ஓரம் வளைந்து.

"பெரும்பாலும் தூளாயிடுச்சுக்கா. இதுமாரி கொஞ்சந்தான் தப்பிச்சுது. தனியா கெடந்திருந்தா மண்ணுலருந்து வந்துச்சோன்னு சந்தேகம் வரும். இது பானைக் கரியோடவே ஒட்டிகினு கீது பாருங்க. சார் ரெண்டு பேருகிட்ட காட்டி உறுதி பண்ணிட்டாரு."

"இன்னா அது, சொல்லு!"

"கொள்ளு."

செங்கொடி இத்தனை நாள் என்னென்னவோ நினைத்திருந்தாள். "குதிரைக்கு வெப்பாங்களே, அந்தக் கொள்ளா?" என்று கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சளி பிடித்தால் ஜெயவேலுக்கு அவள் வைக்கிற ரசம் அதில்தான். பாவம், மிளகாயும் இல்லாமல், தக்காளியும் இல்லாமல், கொள்ளு. கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பிலா, வேறு எதிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பானை ஒரு பக்கமாதான் கருகியிருந்துச்சு," என்றாள் யசோதரா. "வெறவு அந்தப் பக்கம் ஏத்தி எரிஞ்சிருக்கு. கொள்ளு வேக நேரமாகும்ல. அடுப்புல வெச்சுட்டு அந்தம்மா எங்கியோ போயிட்டாங்கன்னு சார் சொல்றாரு."

"எங்க போனாளாம்?"

"அதெப்படிக்கா தெரியும்?"

அது எப்படித் தெரியாமல் போகும் என்றுதான் செங்கொடிக்குத் தோன்றியது. ஒரு கேள்வி போய் இன்னொன்று வந்து குந்திக்கொண்டது. வியாசர்பாடிக்குத் திரும்புகிற வழி முழுக்க யோசித்தாள். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்குமோ? குழந்தை விழுந்திருக்குமோ? யாருக்காவது உடம்புக்கு வந்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடினாளோ? பானையைக் கழுவக்கூட மனசில்லாமல் தூக்கிப் போட வேண்டுமென்றால் ஏதோ கெட்டது நடந்திருக்க வேண்டும். அவளைச் சோம்பேறி என்று ஏசியது இப்போது உறுத்தியது. வழியில் இறங்கிக் கடையில் கொள்ளு வாங்கினாள்.

சாயங்காலம் அதைக் கழுவிச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். குக்கரில் வைக்கவில்லை. அந்தம்மாவிடம் ஏது குக்கர்? அது பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக் குப்பம்மா வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குப்பம்மா, ஒண்ணு சொல்றேன் கேளேன். நாலாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒருத்தி…"

குப்பம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மேடு என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கல் கோடாலியை அவள் நம்பவில்லை. மிளகாய் இல்லை என்றதற்கு ஐயோ என்றாள். டிரம்மைத் திறந்த கட்டம் வந்தபோது மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். கொள்ளு என்றதும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அடுப்பில் வைத்துவிட்டு அவள் எங்கே போயிருப்பாள் என்று குப்பம்மா தன் பங்குக்கு ஒரு கதை கட்ட ஆரம்பித்தாள். செங்கொடி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு வளர்ந்தது.

"இன்னாமே இது!" என்று உள்ளேயிருந்து ஜெயவேலின் சத்தம் கேட்டது. வேலையிலிருந்து வந்தவன் இவர்களைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறான். இவள் கவனிக்கவில்லை. வீடெல்லாம் புகை. கருகல் வாசனை வராந்தாவரை வந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வைத்திருந்தான். உள்ளே தண்ணீர் சுண்டி, கொள்ளு ஒரு பக்கமாகக் கரியாக அப்பியிருந்தது.

"அடுப்புல வெச்சிட்டு எங்கமே போன?"

செங்கொடி சட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எங்கியும் போவலய்யா," என்றாள். "இங்கதான், வாசல்ல. சும்மா பேசிகினு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். மாடும் ஓடவில்லை, யாரும் சாகவும் இல்லை. அந்தம்மாவுக்கும் பக்கத்தில் ஒரு குப்பம்மா இருந்திருக்கிறாள். ஜெயவேல் ஒன்றும் விளங்காமல் தொட்டியடிக்குப் போய்ச் சட்டியை வைத்து, கம்பி நாரைக் கையில் எடுத்தான்.

"வெச்சிருயா," என்றாள் செங்கொடி கண்ணைத் துடைத்தபடி. "இன்னிக்கு அத தேய்க்க வேணாம்."